காஷ்மீரத்து நெடுமரங்கள்

அக்டோபர் மாதத்தின் இறுதி வாரம். ஸ்ரீநகரிலிருந்து பாரமுல்லா செல்லும் இரயிலில் சன்னலோரம் அமர்ந்திருந்தேன். அறுவடை முடிந்த நெல்வயல்கள் இருபுறமும் விரிந்து கிடந்தன. வரப்போரங்களிலும், வாய்க்கால் கரைகளிலும், சிற்றூர்களின் எல்லைகளிலும் பொன்னிறத் தூண்கள் வரிசை வரிசையாக எழுந்து நின்றன. அவற்றுக்குப் பின்னே நீல மலைகள். மலையுச்சியில் புதிதாய் விழுந்த பனி. பெருவிழாத் திருப்பலிக்கு முன் பீடத்தின் இருமருங்கிலும் மெழுகுதிரிகளை ஏற்றிவைத்தாற்போல அம்மரங்கள் அசையாது சுடர்ந்தன. இரயில் ஒரு சிறு நிலையத்தில் நின்றபோதுதான் அவை அசையாமல் இல்லை என்று தெரிந்தது. ஒவ்வோர் இலையும் தனித்தனியே நடுங்கிக்கொண்டிருந்தது.

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் ஆசிரியப் பணி புரியும் என் குருமடத் தோழர் ஒருவர் பல ஆண்டுகளாக என்னை அழைத்துக்கொண்டிருந்தார். ஒருவாறு பத்து நாள் விடுப்புக் கிடைத்தது; சென்றேன். எதிரே அமர்ந்திருந்த அவர் சிரித்தார்.

“என்ன சாமி! இங்கு வருகிறவர்கள் எல்லாரும் தால் ஏரியையும் படகு வீட்டையும் பற்றித்தான் பேசுவார்கள். நீர் வண்டியில் ஏறியதிலிருந்து மரத்தையே பார்த்துக்கொண்டு வருகிறீரே!”

“நான் ஒரு மரத்துக்குக் கடன்பட்டவன், சாமி. அதுதான்” என்றேன். அந்தக் கடன் என்னவென்பதை இக்கட்டுரையின் இறுதியில் சொல்லுகிறேன். வாசகர்கள் அதுவரை பொறுத்தருள வேண்டும்.

தூணாக நிற்கும் மரம்

இம்மரத்தின் பெயர் பாப்லர். காஷ்மீர மக்கள் ‘ஃப்ரஸ்’ என்பர். உருது பேசுவோர் வெண்மை என்னும் பொருளில் ‘சஃபேதா’ என்பர். இது வில்லோ மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. காஷ்மீரத்தில் கிரிக்கெட் மட்டை செய்யப் பயன்படுவது அந்த வில்லோவே. பாப்லரில் இனங்கள் பல உண்டு. பெரும்பாலானவை நம் ஊர் மரங்களைப் போலவே கிளை பரப்பி நிற்பவை. நான் கண்டு வியந்த தூண் வடிவ மரங்களோ கரும்பாப்லர் என்னும் இனத்தின் தனி வகைகள். அவற்றுள் உலகப் புகழ் பெற்றது லொம்பார்டிப் பாப்லர்.

இம்மரத்தைக் காணாதவர்கள் நம் பள்ளிகளிலும் கோவில் வளாகங்களிலும் நிற்கும் நெட்டிலிங்க மரத்தை நினைத்துக்கொள்ளலாம். பலர் அதை அசோக மரம் என்று தவறாக அழைக்கிறார்கள். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். உண்மையில் எவ்வகை உறவும் இல்லை. நெட்டிலிங்கத்தின் கிளைகள் தரையை நோக்கித் தாழ்ந்து தண்டை ஒட்டிக்கொள்கின்றன. பாப்லரின் கிளைகளோ அடியிலிருந்தே வானை நோக்கி நிமிர்ந்து தண்டை அணைத்துக்கொள்கின்றன. ஒன்று ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும். மற்றொன்று இலையுதிர்காலத்தில் பொன்னாகி, பின் வெறுங்கோலாகி, பனிக்காலம் முழுவதும் உறங்கும். அந்தக் குளிர்கால உறக்கம் பாப்லருக்கு இன்றியமையாதது. ஆகவே குளிர் அறியாத நம் சமவெளிகளில் அது தழைப்பதில்லை.

நன்கு வளர்ந்த லொம்பார்டிப் பாப்லர் 25 மீட்டர் உயரமும் அதற்கு மேலும் செல்லும். அகலமோ நான்கைந்து மீட்டருக்குள் அடங்கிவிடும். நல்ல நீரும் வெயிலும் கிடைத்தால் இளமையில் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டர் வரை உயரும். இலையின் காம்பு பக்கவாட்டில் தட்டையானது. ஆகையால் மெல்லிய காற்றுக்கும் இலை ஆடும். அரச மரத்தடியில் அமர்ந்தவர்கள் அந்தச் சலசலப்பை அறிவார்கள். வேறெந்த மரமும் அசையாத வேளையிலும் அரசு பேசிக்கொண்டிருக்கும் அல்லவா? பாப்லரும் அப்படியே.

விவிலியத்துக்கும் இம்மரம் புதிதன்று. தொடக்கநூலின் 30ஆம் அதிகாரத்தில் யாக்கோபு பச்சைக் கொப்புகளின் பட்டையை உரித்து, வெண்மை தெரியும்படி ஆடுகளின் முன் வைத்தார் என்று வாசிக்கிறோம். தமிழில் ‘புன்னை’ என்று மொழிபெயர்க்கப்பட்ட அம்மரம் வெண்பாப்லரே என்பது அறிஞர் பலரின் கருத்து. பாப்லரைக் காணாத நாட்டில் மொழிபெயர்த்தவர்கள் நம் கடற்கரையின் புன்னையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த இடர்ப்பாட்டை நான் இப்போது நன்கு உணர்கிறேன்.

ஒரே மரத்தின் கிளைகள்

லொம்பார்டி என்பது இத்தாலியின் வடபகுதி. மிலான் நகரம் அதன் தலைநகர். அதன் தெற்கெல்லையை ஒட்டிப் பாயும் போ ஆற்றின் சமவெளி பாப்லருக்கு ஏற்ற ஈர மண். மறைப்படங்களைப் பலகையின்மீது தீட்டிய பழைய இத்தாலிய ஓவியர்கள் பெரும்பாலும் பாப்லர் பலகையையே பயன்படுத்தினார்கள். இலியோனார்தோ தா வின்சியின் ‘மோனா லிசா’ தீட்டப்பட்டிருப்பதும் ஒரு பாப்லர் பலகையின்மீதுதான். அது தூண் வடிவ வகை தோன்றுவதற்கு முந்திய காலத்துப் பொதுவான பாப்லர் மரம்.

தூண் வடிவ மரம் 18ஆம் நூற்றாண்டில்தான் லொம்பார்டியிலிருந்து உலகின் கண்ணில் பட்டது. அது ஆண் மரம். பாப்லரில் பனையைப் போலவே ஆண் வேறு, பெண் வேறு. ஆண் மரம் விதை தராது. ஆகவே அதைப் பெருக்க ஒரே வழி, கிளையை வெட்டி நடுவதுதான். ஒரு மரத்தின் கிளையிலிருந்து பத்து மரங்கள். அப்பத்தின் கிளைகளிலிருந்து நூறு. இப்படி நட்டு நட்டுப் பரவியதால், உலகெங்கும் நிற்கும் லொம்பார்டிப் பாப்லர்கள் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள்கூட அல்ல. ஒரே மரத்தின் கிளைகள்!

1749இல் அது பிரான்சுக்குச் சென்றது. டியூரின் நகரில் ஆங்கிலத் தூதராக இருந்த ராச்ஃபோர்ட் பிரபு சில கொம்புகளைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோய் எசெக்ஸ் மாவட்டத்திலிருந்த தம் பண்ணையில் நட்டார். 1784இல் வில்லியம் ஹாமில்டன் என்பவர் அதை அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தார். 1803இல் குடியரசுத் தலைவர் ஜெபர்சன் வாஷிங்டனின் பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் நான்கு வரிசையாக அதை நடச் செய்தார். விரைவில் வளர்கிறது, நிமிர்ந்து நிற்கிறது, குறைந்த இடத்தில் பெருந்தோற்றம் தருகிறது. புதிய தலைநகருக்கு வேறென்ன வேண்டும்?

பிரெஞ்சுப் புரட்சியின்போது மக்கள் இதை ‘விடுதலை மரம்’ என்று நட்டார்கள். அதற்கு ஒரு சொல் விளையாட்டும் காரணம். இலத்தீனில் ‘பொபுலுஸ்’ என்று குறிலாக ஒலித்தால் ‘மக்கள்’. ‘போபுலுஸ்’ என்று நெடிலாக ஒலித்தால் ‘பாப்லர் மரம்’. குறிலையும் நெடிலையும் எழுத்திலேயே பிரித்துக் காட்டும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குருமடத்தில் இலத்தீன் பாடத்தில் இவ்விரண்டையும் குழப்பித் திட்டு வாங்கியவர்களுள் நானும் ஒருவன்.

மெய்யியலாளர் ரூசோ 1778இல் மறைந்தபோது எர்மனோன்வில் என்னும் ஊரில், ஏரி நடுவே பாப்லர் சூழ்ந்த ஒரு சிறு தீவில் அடக்கம் செய்யப்பட்டார். 1794இல் அவருடைய உடல் பாரீசுக்கு எடுத்துச் செல்லப்பட்டது; தீவுக்கு மட்டும் பாப்லர் தீவு என்ற பெயர் நிலைத்தது. 1891இல் ஓவியர் மொனே, எப்ட் ஆற்றங்கரைப் பாப்லர் வரிசையை வெவ்வேறு வேளைகளின் ஒளியில் திரும்பத் திரும்பத் தீட்டினார். ஓவியங்கள் முடியுமுன்னே ஊரார் அம்மரங்களை ஏலத்தில் விற்கப் புறப்பட்டார்கள். மரவணிகர் ஒருவருக்குப் பணம் கொடுத்து, தம் வேலை முடியும்வரை மரங்களை நிற்கவிடச் செய்தார் மொனே. ஓவியருக்கு அது அழகு; ஊராருக்கு அது விற்பனைச் சரக்கு. இரண்டு பார்வையும் பொய்யல்ல. பாப்லர் நடப்படும் இடமெல்லாம் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன.

காஷ்மீரத்திலும் தூண் வடிவப் பாப்லர் நெடுங்காலம் முன்பே வேரூன்றிவிட்டது. லொம்பார்டி வகையோடு, மத்திய ஆசியாவிலும் ஆப்கானிஸ்தானத்திலும் வழங்கும் வெண்பட்டை வகையும் இம்மலை நாடுகளில் உண்டு. ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் சாமுவேல் போர்ன் 1864இல் ஸ்ரீநகர் வந்தபோது, அங்கிருந்த பாப்லர் சாலையைப் படம் பிடித்தார். இருபுறமும் மரங்கள் அணிவகுத்து, தொலைவில் ஒரு புள்ளியில் சென்று ஒடுங்கும் அப்படம் இன்றும் புகழ்பெற்றது. ஸ்ரீநகரிலிருந்து பாரமுல்லா வரையிலான சாலையின் இருமருங்கிலும்கூட ஒரு காலத்தில் இம்மரங்களே காவல் நின்றன. சாலை அகலப்படுத்தப்பட்டபோது அவற்றுட் பெரும்பகுதி வீழ்ந்துவிட்டது. இப்போது எஞ்சிய வரிசைகளை வயல்வெளியில்தான் பார்க்க வேண்டும்.

சாச்சாவின் தோட்டம்

சோப்பூரை அடுத்த ஒரு சிற்றூரில் என் தோழருக்கு அறிமுகமான ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். எல்லாரும் அவரைச் ‘சாச்சா’, அதாவது சிற்றப்பா, என்றே அழைக்கிறார்கள். அன்று பிற்பகல் எங்களை அவரிடம் அழைத்துச் சென்றார் தோழர். முற்றத்தில் ஆப்பிள் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. இரண்டு இளைஞர்கள் மெல்லிய பலகைகளை ஆணி அடித்துப் புதிய பெட்டிகளைச் செய்துகொண்டிருந்தார்கள். அட்டைப் பெட்டிகள் வந்துவிட்டபோதிலும் மரப்பெட்டி இன்னும் மறைந்துவிடவில்லை. ஒரு பலகையைக் கையில் எடுத்தேன். வெண்மையானது, எடை இல்லாதது, பிசினோ வாசனையோ இல்லை. அது பாப்லர். தீக்குச்சிக்கும், ஒட்டுப்பலகைக்கும், வீட்டுக் கூரையின் விட்டத்துக்கும் உதவுவது இந்த மரமே.

உப்புத் தேநீரும் ரொட்டியும் வந்தன. நான் மரங்களைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்று தோழர் எடுத்துரைத்தார். சாச்சா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஆப்பிளைப் பற்றிக் கேட்பார்கள், குங்குமப்பூவைப் பற்றிக் கேட்பார்கள். ஃப்ரஸைப் பற்றிக் கேட்கும் முதல் ஆள் இந்த ஃபாதர் சாகிப்தான்” என்று சொல்லி எழுந்து தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார்.

அவர் சொல்லியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். பனி உருகி, மொட்டுகள் விழிக்குமுன், முந்திய ஆண்டில் வளர்ந்த கிளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெருவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில் வெட்ட வேண்டும். மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி மண்ணில் செருகி, ஒன்றிரண்டு மொட்டுகள் மட்டும் வெளியே தெரிய விட வேண்டும். தலைகீழாக நட்டால் வீண். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் அவ்வாண்டே ஆள் உயரம் வரும். அடுத்த ஆண்டு தோண்டி எடுத்து நிலையான இடத்தில் நடலாம்.

எங்கு நடுவது என்பதில்தான் அறிவு வேண்டும் என்றார் சாச்சா. காஷ்மீரத்தில் வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து விழும்; மரத்தின் நிழல் வடக்கே நீளும். நம் நிலத்தின் வடக்கு வரப்பில் நட்டால் நிழல் நம் பயிர்மேல் விழாது. ஆனால் வடவண்டை வயல்காரரின் நெல்மேல் விழும். “இந்த நிழலுக்காக அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள்” என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பங்குப் பணியில் எத்தனை வரப்புத் தகராறுகளைத் தீர்த்திருக்கிறேன்! ஆகவே வாய்க்கால் ஓரமோ, பாதை ஓரமோ, தோட்டத்துக்குக் காற்றுத் தடுப்பாகவோ நடுவதே நலம். காற்றைத் தடுக்க நெருக்கமாகவும், பலகைக்காக என்றால் மூன்று மீட்டருக்குக் குறையாமலும் இடைவெளி விட வேண்டும்.

வீட்டின் அருகே நடவே கூடாது. இதன் வேர்கள் ஆழமாகச் செல்லாமல் மேலோட்டமாக நெடுந்தூரம் ஓடுபவை. நீரைத் தேடி அலைபவை. சாக்கடைக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் நுழைந்து அடைத்துவிடும். மரத்தை வெட்டிய பின்னும் வேரிலிருந்து கன்றுகள் கிளம்பும். சுவருக்கும் மரத்துக்கும் இடையே மரத்தின் உயரமளவு இடம் விடுவது நல்லது.

“எத்தனை ஆண்டுகள் நிற்கும்?” என்று கேட்டேன்.

“பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளில் விற்றுவிடுவோம். என் மூத்த மகள் பிறந்த ஆண்டில் நட்டவை அவள் திருமணத்துக்கு உதவின. விற்காமல் விட்டால் உள்ளே பூச்சி குடையும், உச்சி காயும், ஒரு நாள் புயலில் விழும். இது வேகமாக ஓடும் குதிரை, சாகிப். நெடுந்தூரம் ஓடாது.”

அவர் அனுபவத்தில் கண்டதை நூல்களும் உறுதி செய்கின்றன. பட்டையில் ஏற்படும் காயத்தின் வழியே ஒரு பூஞ்சணம் நுழைந்து புண்ணை உண்டாக்குகிறது. உச்சிக்கிளைகள் ஒவ்வொன்றாய்க் காய்கின்றன. வட அமெரிக்காவில் இம்மரங்கள் பல, பதினைந்து இருபது ஆண்டுகளிலேயே இவ்வாறு நலிகின்றன. இங்குதான் ‘ஒரே மரத்தின் கிளைகள்’ என்னும் உண்மையின் மறுபக்கம் தெரிகிறது. வரிசையில் நிற்பவை அனைத்தும் ஒரே உடலாகையால், ஒன்றைத் தாக்கும் நோய் மற்றொன்றிலும் எதிர்ப்பைக் காண்பதில்லை. அழகான அந்த ஒருமைப்பாடே அவற்றின் பலவீனம். வாஷிங்டனில் ஜெபர்சன் நட்ட வரிசைகளும் ஒரு தலைமுறைக்குள் மறைந்துபோயின.

தோட்டத்தின் ஓரமாக நடந்து வந்தோம். வாய்க்காலை ஒட்டி இருபது முப்பது பாப்லர்கள். அவற்றுக்கு உட்புறம், வீட்டுக்கு எதிரே, மிகப் பெரிய அக்ரோட்டு மரம் ஒன்று. அடிமரத்தை இருவர் கைகோத்தாலும் அணைக்க முடியாது. அதன் கீழ்ப் பாய் விரித்துக் கொட்டைகளைக் காயவைத்திருந்தார்கள்; ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. சாச்சா இரண்டு மரங்களையும் மாறி மாறிக் காட்டினார்.

“ஃப்ரஸை எனக்காக நான் நட்டேன். அக்ரோட்டை எனக்காக என் பாட்டனார் நட்டார்” என்றார். பிறகு சற்று நடந்து, இடுப்புயரமே இருந்த ஓர் அக்ரோட்டுக் கன்றைத் தொட்டு, “இது அந்தக் குழந்தைக்கு” என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. என் தோழர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பை நிறுத்திக்கொண்டார்.

பஞ்சு கொணர்ந்த பழி

திரும்பும் வழியில் தோழர் மற்றொரு செய்தியைச் சொன்னார். 1980களில், உலக வங்கியின் உதவியோடு நடந்த சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் அமெரிக்கப் பாப்லர் ஒன்று காஷ்மீரத்துக்குக் கொண்டுவரப்பட்டது. நாட்டு மரத்தைவிட விரைவாக வளர்ந்ததால் எல்லாரும் அதையே நட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அதற்கு ‘ரஷ்ய ஃப்ரஸ்’ என்ற பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அதன் பெண் மரங்கள் மே, ஜூன் மாதங்களில் இலவம் பஞ்சு போன்ற விதைப்பஞ்சை ஊரெங்கும் பறக்கவிடும். தெருவெல்லாம் வெண்மை, மூக்கிலும் கண்ணிலும் உறுத்தல். குழந்தைகளின் இருமலுக்கும் தும்மலுக்கும் அப்பஞ்சே காரணம் என்று மக்கள் நம்பினார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2014, 2015 ஆண்டுகளில் வந்த ஆணைகளின்படி ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. 2020இல் கொரோனா நோயின் அச்சத்தில் மீண்டும் கோடரி ஓங்கியது.

பஞ்சு என்பது விதையைச் சுமக்கும் இழை, மகரந்தம் அன்று. ஒவ்வாமையைத் தூண்டும் மகரந்தம் வேறு. பாப்லரின் மகரந்தம் பஞ்சு பறப்பதற்கு வாரங்கள் முன்பே காற்றில் வந்து போய்விடும். பஞ்சு பறக்கும் அதே நாள்களில் புல்லும் பிற மரங்களும் கண்ணுக்குத் தெரியாத மகரந்தத்தைத் தூவுகின்றன. கண்ணுக்குத் தெரிந்தது பழி சுமந்தது. மருத்துவ அறிஞர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். பஞ்சு தொல்லையே தராதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெண் மரங்களுக்குப் பதிலாக ஆண் மரங்களின் கொம்புகளை நட்டிருந்தால் அத்தொல்லையே வந்திராது. விதை தராத லொம்பார்டி மரம் பஞ்சும் உதிர்ப்பதில்லை. நடும்போது எண்ணாததை, வெட்டும்போதும் எண்ணவில்லை.

இதைக் கேட்டபோது என் மனச்சான்று மீண்டும் என்னைக் குத்தியது. இனி என் கடனைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வெட்டிய புங்க மரம்

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு கிராமப் பங்கில் பணியாற்றினேன். கோவிலின் பவள விழா நெருங்கியது. கோவில் முன்றிலில் ஒரு பழைய புங்க மரம் நின்றது. கோபுரத்தை மறைத்தது, இலையையும் பூவையும் உதிர்த்தது, காகங்கள் எச்சமிட்டன. விழாவுக்கு வரும் விருந்தினர் சாலையிலிருந்தே கோவிலைக் காண வேண்டும், புகைப்படத்தில் முகப்பு முழுவதும் தெரிய வேண்டும் என்று நான் விரும்பினேன். பங்குப் பேரவையில் இரண்டு பெரியவர்கள் தயங்கினார்கள். என் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்தத் தயக்கத்தை நான் இசைவாக எடுத்துக்கொண்டேன். மரம் வெட்டப்பட்டது. அதன் இடத்தில், சாலையிலிருந்து கோவில் வாயில்வரை இருபுறமும் நெட்டிலிங்கக் கன்றுகள் நடப்பட்டன.

சில ஆண்டுகளில் அவை ஓங்கி வளர்ந்தன. வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு மூதாட்டி மட்டும் ஒருநாள் பூசை முடிந்து வெளியே வந்து, “மரம் நல்லாத்தான் இருக்கு சாமி. உட்காரத்தான் எடமில்ல” என்றார். நான் சிரித்துக்கொண்டே, “கோவிலுக்குள் உட்காருங்கள், பாட்டி” என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு அடுத்த சித்திரையில் ஓர் அடக்கச் சடங்கு. நண்பகல் வேளை. கோவிலில் இடம் போதாமல் அயலூர்க்காரர்கள் வெளியே நின்றார்கள். அவர்களில் ஒரு முதியவர், அந்தப் புங்க மரத்தடியில் தம் வாழ்நாளெல்லாம் அமர்ந்து பழகியவர், வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தார். நிழலில் கிடத்துங்கள் என்று யாரோ கத்தினார்கள். அந்த முன்றிலில் நாற்பது மரங்கள் நின்றன. ஓர் ஆளைக் கிடத்த நிழல் இல்லை. அவரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு ஓடினார்கள். நீர் தெளித்தபின் கண் விழித்தார். என்னைக் கண்டதும் எழுந்து கைகூப்ப முயன்றார். அந்தக் கைகூப்புதலை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நெட்டிலிங்கத்தின்மீது எனக்குக் குறை இல்லை. பாப்லரின்மீது சாச்சாவுக்குக் குறை இல்லாததுபோலத்தான். நெடுமரத்துக்கென்று பணிகள் உண்டு. காற்றைத் தடுக்கும், தூசியை வடிகட்டும், எல்லையைக் காட்டும், பார்வையை மேலே உயர்த்தும். காஷ்மீரத்தின் அழகே சினார் மரத்தின் விரிந்த குடையும் பாப்லரின் நிமிர்ந்த கோலும் அருகருகே நிற்பதில்தான் இருக்கிறது. எல்லாம் குடையானால் நிலம் தாழ்ந்து தோன்றும். எல்லாம் கோலானால் அமர இடமிராது. குற்றம் மரத்தில் இல்லை. ஓரத்தில் நிற்க வேண்டியதை நடுவில் நட்டதும், விரைவில் வளர்வதற்காக நெடுங்காலம் வளர்ந்ததை வெட்டியதும் என் குற்றம்.

காஷ்மீரத்திலிருந்து திரும்பியதும் அந்தப் பழைய பங்குக்குச் சென்றேன். இப்போதைய பங்குத்தந்தையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் இளையவர்; பொறுமையாகக் கேட்டார். ஞாயிறு திருப்பலிக்குப்பின் மக்களிடமும் சொன்னேன். அது எளிதாக இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்தது. முன்றிலில், நெட்டிலிங்க வரிசைகளுக்கு நடுவே, மூன்று புங்கங்கன்றுகளும் ஒரு வேம்பும் நட்டோம். நெட்டிலிங்கங்களை யாரும் வெட்டவில்லை; அவை கன்றுகளுக்குக் காற்றுத் தடுப்பாக நிற்கட்டும். மயங்கி விழுந்த முதியவரும் இப்போது இல்லை. ‘உட்கார எடமில்ல’ என்ற மூதாட்டியும் இல்லை. அம்மூதாட்டியின் பேத்தி முதற்குடம் நீர் ஊற்றினாள். தினமும் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கோவிலிலோ பள்ளியிலோ வீட்டிலோ விழா வருகிறது என்று மரம் நடுவீர்களானால், அழகு வரிசையை ஓரத்தில் நடுங்கள். நடுவில் நிழல் மரம் ஒன்றை மறவாதீர்கள். ஒரே இனத்தை வரிசையாய் நிரப்பாமல் பலவற்றைக் கலந்து நடுங்கள். நிற்கும் பழைய மரத்தை வெட்டுமுன், அதன் கீழ் யார் அமர்கிறார்கள் என்று ஒரு வாரம் உற்றுப் பாருங்கள். நான் அந்த ஒரு வாரம் பார்க்கவில்லை.

பாரமுல்லாவிலிருந்து திரும்பிய இரயிலில், மாலை வெயில் பாப்லர் வரிசைகளின்மீது விழுந்து அவற்றின் நிழல் வயல்வெளியில் நெடுந்தூரம் நீண்டு கிடந்தது. அழகான நிழல், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு கோடுதான். அதற்கு அப்பால் ஒரு வீட்டின் முன்னே, தனியாய் நின்ற ஓர் அக்ரோட்டு மரத்தின் அடியில், நான்கைந்து பேர் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள்.